தரையில் நன்றாகத்தான் ஓடியது: படகை சர்வீஸுக்கு விடுபவர்கள் செய்யும் தவறுகள்

மும்பை செம்பூரில் குடியிருந்துகொண்டு சொந்தமாகப் படகு வைத்திருக்கிறேன் என்றால் ஊரில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். விஷயம் அவ்வளவு பெரிதில்லை. நானும் மச்சானும் இன்னும் இரண்டு நண்பர்களும் பங்கு போட்டு வாங்கிய பழைய படகு. 19 அடி ஃபைபர் உடம்பு, பின்னால் 90 ஹெச்பி நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார். ஞாயிற்றுக்கிழமை, மும்பைக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாந்த்வாவிலிருந்து காந்தேரித் தீவுப் பக்கம் போய்த் தூண்டில் போட்டுவிட்டு வருவோம். மீன் கிடைப்பது அபூர்வம். ரிப்பேர் கிடைப்பது நிச்சயம்.

படகை விற்ற டீலரிடமே முதலில் சர்வீஸுக்கும் விட்டோம். அங்கே சண்டை. வேறு இடம் போனோம், அங்கேயும் சண்டை. ஆறு வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் பாதிச் சண்டைக்கு விதை போட்டது நாங்கள்தான் என்று தெரிகிறது. மாந்த்வா ஜெட்டியில் மற்ற படகுக்காரர்கள் புலம்புவதைக் கேட்டாலும் அதே கதைதான். எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு மூன்று மாதமாக பார்ட்ஸ் வரவில்லை என்கிறார்கள். கேட்காமலே எதையோ மாற்றி பில் போட்டுவிட்டார்கள் என்கிறார்கள். எல்லாவற்றையும் விட அதிகம் காதில் விழுவது இதுதான்: “சரியாகிவிட்டது என்று கொடுத்தார்கள், அரை மணி நேரத்தில் நடுக்கடலில் நின்றுவிட்டது.”

கார் கெட்டால் மெக்கானிக் அதே ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடுவார். படகு கெடுவது தண்ணீரில், பார்ப்பது தரையில். ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினின் காலை (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியை) ஒரு டிரம் தண்ணீரில் முக்கியோ, தண்ணீர் உறிஞ்சும் வாயில் இரண்டு ரப்பர்க் கிண்ணங்களை மாட்டி ஹோஸ் பைப் விட்டோ ஸ்டார்ட் செய்வார்கள். குழாய்த் தண்ணீர் குளுகுளுவென்று ஓடும். எஞ்சினுக்கு எந்தப் பளுவும் இல்லை. பூனைக்குட்டி மாதிரி உறுமும். “தேக்கோ சாப், ஏக்தம் நயா!” (பாருங்க சார், புத்தம் புதுசு!) என்பார்கள். அப்புறம் கடலில் நாலு பேர் ஏறி உட்கார்ந்து, அலைக்கு எதிராகத் திராட்டிலை (வேகம் கூட்டும் பிடியை) தள்ளும்போதுதான் அதன் உண்மையான குணம் தெரியும். கீழே சொல்லப்போகிற தவறுகளில் முக்கால்வாசி, இந்தத் தரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மறந்ததால் வந்தவை.

வியாதியைச் சொல்லாமல் மருந்தைச் சொல்வது

எங்கள் முதல் பெரிய தவறு இது. ஒருநாள் காந்தேரிக்குப் போகும் வழியில் எஞ்சினில் ‘பீப்’ என்று விடாமல் சத்தம். சூடு ஏறிவிட்டது என்ற எச்சரிக்கை. எஞ்சினும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மெதுவாகப் போனால் சத்தம் நின்றுவிடுகிறது. வேகம் எடுத்தால் மறுபடியும் வருகிறது. மச்சான் வீட்டுக்கு வந்து இரவெல்லாம் வீடியோ பார்த்துவிட்டு “இம்பெல்லர் போயிடுச்சு மாமா” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

இம்பெல்லர் என்பது எஞ்சினின் காலுக்குள் இருக்கும் சின்ன ரப்பர்ச் சக்கரம். கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பி எஞ்சினைக் குளிர வைப்பது அதன் வேலை. தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே அதன் இதழ்கள் கருகிவிடும். தேய்கிற சாமான்தான், வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டியதுதான். ஆகவே மச்சான் சொன்னது முட்டாள்தனம் இல்லை. டீலரிடம் போய் “இம்பெல்லரை மாற்றிவிடுங்கள்” என்றோம். மாற்றினார்கள். டிரம்மில் ஓட்டிக் காட்டினார்கள். பணம் கொடுத்தோம். இரண்டாவது வாரம் அதே இடத்தில் அதே ‘பீப்’.

டீலரைப் போய்த் திட்டினோம். அவர் பில்லை எடுத்துக் காட்டினார்: ‘வாடிக்கையாளர் சொன்னபடி இம்பெல்லர் மாற்றப்பட்டது.’ அதற்கு மேல் என்ன பேசுவது? நாம் கேட்டதை அவர் செய்திருக்கிறார்.

கடைசியில் மும்பைத் துறைமுகத்தை ஒட்டிய தாருகானா பக்கம் வேலை பார்க்கும் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சிதான் கண்டுபிடித்தார். எஞ்சினின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் உட்காரும் இடத்திலும் அதை ஒட்டிய வழியிலும் உப்பு கெட்டிதட்டிப் போயிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. மெதுவாகப் போகும்போது அந்தச் சின்ன இடுக்கில் போகும் தண்ணீர் போதும். வேகமெடுத்தால் போதாது. சுரண்டிக்கொண்டே அவர் சொன்னார்: “ஆஸ்பத்திரிக்குப் போனா மாத்திரை பேரையா சொல்லுவீய? எங்க வலிக்கிதுன்னுதான சொல்லுவீய. இங்க மட்டும் ஏன் மாத்திரை பேரச் சொல்லிட்டு வாறீய?”

உப்பு படிந்ததற்குக் காரணமும் நாங்கள்தான். ஒவ்வொரு முறையும் கடலிலிருந்து வந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினைக் கழுவ வேண்டும். ஜெட்டியில் குழாய் இல்லை, நேரமாகிவிட்டது, ஃபெரியைப் பிடிக்க வேண்டும் என்று ஏதாவது ஒரு சாக்கு எங்களிடம் தயாராக இருக்கும்.

அப்போதிலிருந்து கோளாறை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறோம். ‘எஞ்சின் சரியில்லை’ என்று எழுதினால் பயன் இல்லை. இப்படி எழுதுகிறோம்: “ஸ்டார்ட் ஆகி 20 நிமிடம் சரியாக ஓடியது. படகில் நான்கு பேர். நிமிடத்துக்கு 4500 சுற்றைத் தாண்டியதும் எச்சரிக்கைச் சத்தம். 2000-க்குக் குறைத்தால் ஒரு நிமிடத்தில் நின்றது. பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்திருந்தது. பெட்ரோல் முந்தின நாள் போட்டது.” இதைப் படிக்கும் மிஸ்திரிக்கு (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பாதி வேலை முடிந்த மாதிரி. முடிந்தால் மீட்டரையும் பின்னால் வரும் தண்ணீரையும் சேர்த்து ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் வராத கோளாறை அவருக்குக் காட்ட வேறு வழி இல்லை. அந்தத் தாளின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ‘காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, எங்களைக் கேட்டுக்கொண்டு வேலையை ஆரம்பிக்கவும்.’

‘ஹோ ஜாயேகா’வை நம்புவது

மும்பையில் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் இந்த ஒரு சொல் கிடைக்கும். எவ்வளவு ஆகும், எப்போது கிடைக்கும், எந்தக் கம்பெனி பார்ட்ஸ் என்று எது கேட்டாலும் “ஹோ ஜாயேகா.” ஆகிவிடும் என்று அர்த்தம். எப்போது என்று நெருக்கினால் “கல்.” இந்தியில் ‘கல்’ என்றால் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான் என்பதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஜாப் கார்டு, அதாவது என்ன வேலை என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு, இல்லாமல் படகை விட்டுவிட்டு வராதீர்கள். அதில் எஞ்சின் சீரியல் நம்பர் இருக்க வேண்டும் (எஞ்சினைப் படகில் மாட்டும் பிராக்கெட்டில் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும்). ஹவர் மீட்டர் எத்தனை மணி காட்டுகிறது, கோளாறு என்ன, உத்தேசச் செலவு எவ்வளவு, எந்தத் தொகைக்கு மேல் போனால் நம்மைக் கேட்க வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். நாங்கள் ‘5000 ரூபாயைத் தாண்டினால் போன் செய்யவும்’ என்று கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். முதல் தடவை முகத்தைச் சுளித்தார்கள். இப்போது அவர்களே பேனாவை நீட்டுகிறார்கள்.

கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பித் தரச் சொல்லியும் எழுதுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் குப்பையில் போய்விட்டது என்பார்கள். பழைய இம்பெல்லர் கையில் கிடைத்திருந்தால், அதன் இதழ்கள் நன்றாகத்தான் இருந்தன என்பதை அன்றைக்கே பார்த்திருப்போம்; இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்று, வாரண்டி. படகு ஒரு கம்பெனி, எஞ்சின் ஒரு கம்பெனி, ஜி.பி.எஸ்., பேட்டரி, டிரெய்லர் எல்லாம் வேறு வேறு கம்பெனி. விற்கும்போது ‘ரெண்டு வருஷம் வாரண்டி சாப்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். பிரச்சினை வரும்போது ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கதவைத் தட்ட வேண்டியிருக்கும். சொந்த உபயோகத்துக்கு ஒரு வாரண்டிக் காலமும், வாடகைக்கு விட்டால் அதைவிடக் குறைவான காலமும் வைத்திருக்கும் எஞ்சின் கம்பெனிகள் உண்டு. புது எஞ்சினாக இருந்தால் பெரும்பாலும் 20 மணி நேரத்தில் முதல் சர்வீஸ், அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முன்னால் வருகிறதோ அது. நம்மைப் போல ஞாயிற்றுக்கிழமைப் படகோட்டிகளுக்கு 100 மணி வர இரண்டு வருடம் ஆகும். அதனால் சர்வீஸைத் தள்ளிப் போடுகிறோம். வருடக் கணக்கில் தவறியதும் வாரண்டியும் போச்சு.

பால் விட்ட டீ

இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 100 மணி சர்வீஸ் முடித்து எடுத்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அண்ணாச்சியிடம் ஆறு மாதம் பாடம் படித்த தைரியத்தில், நானே கியர் ஆயிலைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். புரொப்பல்லருக்கு முன்னால் இருக்கும் கியர் கேஸில் கீழே ஒரு ஸ்க்ரூ, மேலே ஒரு ஸ்க்ரூ. கீழே உள்ளதைத் தளர்த்தியதும் முதலில் ஒரு ஸ்பூன் தெளிந்த தண்ணீர் வந்தது. அப்புறம் வந்தது ஆயில் இல்லை. டீக்கடையில் பால் தூக்கலாகப் போட்ட டீ எப்படி இருக்கும், அப்படி. விரலில் தொட்டால் நுரை.

கியர் கேஸுக்குள் கடல் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பேரிங், கியர் எல்லாம் துருப்பிடித்து, கடைசியில் எஞ்சினின் கீழ்ப்பகுதியான லோயர் யூனிட் முழுவதையும் மாற்ற வேண்டி வரும். அது எங்கள் நாலு பேருக்கும் தாங்காத செலவு.

புரொப்பல்லரைக் கழற்றிப் பார்த்தோம். பின்னால் ஷாஃப்டைச் சுற்றித் தங்கூசி நரம்பு ஒரு பந்தாகச் சுருண்டு, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் ‘சீல்’ வளையத்தை அறுத்திருந்தது. யார் நரம்பு? எங்கள் தூண்டில் நரம்புதான்.

சரி, நம் தப்பு என்று விட்டுவிடலாமா? இல்லை. 100 மணி சர்வீஸில் புரொப்பல்லரைக் கழற்றி ஷாஃப்டைப் பார்ப்பது வழக்கமான வேலை. பழைய கியர் ஆயிலை இறக்கியபோது அதன் நிறம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பில்லில் ‘கியர் ஆயில் மாற்றப்பட்டது’ என்று ஒரு வரி மட்டும். இங்கேதான் நாங்கள் செய்த தவறு: ‘ஆயில் மாற்றுங்கள்’ என்று சொன்னோமே தவிர, இறக்கிய ஆயில் எப்படி இருந்தது என்று எழுதித் தாருங்கள் என்று சொல்லவில்லை. இப்போது இரண்டு விஷயம் கேட்கிறோம். இறக்கிய ஆயிலின் போட்டோ, ஸ்க்ரூவின் காந்த நுனியில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளின் போட்டோ. வாட்ஸாப்பில் வந்துவிடுகிறது. சீல் மாற்றினால், கியர் கேஸுக்குள் காற்று ஏற்றி அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆயில் ஊற்ற வேண்டும். ஆயிலும் கீழ் ஓட்டை வழியாக ஏற்றி, மேல் ஓட்டையில் வழியும் வரை போக வேண்டும். ஸ்க்ரூவின் வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். பத்து ரூபாய் வாஷரை மிச்சம் பிடித்து லட்ச ரூபாய்ச் சாமானைக் கெடுத்தவர்கள் உண்டு.

இந்த விவகாரத்தில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. மச்சானுக்கு உடனே கூகுளில் ஒற்றை ஸ்டார் போட்டு நாலு வார்த்தை எழுத வேண்டும். நான் தடுத்தேன். கோபத்தில் எழுதியது அழியாமல் நின்றுவிடும். அதற்குப் பிறகு எதிராளி வக்கீல் மாதிரித்தான் பேசுவார். மாறாக ஒரு கடிதம் எழுதினோம். படகை விட்ட தேதி, எடுத்த தேதி, பில் எண், ஆயிலின் போட்டோ, தங்கூசி நரம்பின் போட்டோவும் சேர்த்து. நம் பங்கு தவறை மறைக்கவில்லை. சீலின் விலையை நாங்கள் தருகிறோம், கூலியும் ஆயிலும் உங்கள் பொறுப்பு, 15 நாளில் பதில் வேண்டும் என்று கேட்டோம். ஈமெயிலிலும் அனுப்பி, ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பினோம். ஒரு வாரத்தில் போன் வந்தது. கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

ஒத்துக்கொள்ளாவிட்டால்? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்தில் உள்ள ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை எங்கே இருந்தாலும் சரி. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சத்துக்கு உட்பட்டால் கட்டணம் கிடையாது. 2025-லிருந்து இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. படகை வியாபாரத்துக்கு விடுகிறவர்களைச் சட்டம் நுகர்வோராக எடுத்துக்கொள்வதில்லை. தானே ஓட்டிப் பிழைப்பு நடத்துகிறவருக்கு மட்டும் விலக்கு. மாந்த்வாவில் மூன்று படகை வாடகைக்கு விட்டுக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று மிரட்டிய ஒருவரைத் தெரியும். ஒர்க்‌ஷாப்காரருக்கு அந்தச் சட்டம் அவரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

இன்னொரு சட்ட விஷயமும் சொல்லிவிடுகிறேன். பணம் தராமல் படகை எடுக்க விடவில்லை என்று போலீசுக்குப் போகிறவர்கள் உண்டு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு, தன் உழைப்பும் திறமையும் போட்ட பொருளைக் கூலி வரும் வரை பிடித்து வைத்துக்கொள்ள ரிப்பேர்காரருக்கு உரிமை தருகிறது. அதனால் பில்லில் தகராறு இருந்தாலும், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று பில் நகலில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பணத்தைக் கட்டி, படகை வெளியே எடுத்துவிட்டு அப்புறம் சண்டை போடுவதுதான் புத்திசாலித்தனம். யார்டில் கிடக்கும் படகு ஒவ்வொரு நாளும் கெட்டுக்கொண்டுதான் இருக்கும். பணத்தை ரொக்கமாகக் கொடுத்து, ஜி.எஸ்.டி. இல்லாமல் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்ற ஆசைக்கும் இடம் கொடுக்காதீர்கள். பில் இல்லாத வேலைக்கு எந்த வாசலிலும் நியாயம் கேட்க முடியாது.

மழைக்கு முன்னாலா, பின்னாலா?

மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாந்த்வா போகும் சாதாரண ஃபெரிகளும் மழைக்காலத்தில் நின்றுவிடும். நாரளி பௌர்ணமிப் பண்டிகைக்கு, மும்பை மீனவர்களான கோலிகள் கடலுக்குத் தேங்காய் விட்டுப் படையல் போடும்போதுதான் நமக்கும் படகு ஞாபகம் வரும். ஆகஸ்ட் கடைசியில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் திருப்பதி க்யூ மாதிரி நிற்கும். அவசரத்தில் பிரிப்பார்கள், அவசரத்தில் பூட்டுவார்கள். வருடத்தில் மோசமான சர்வீஸ் கிடைப்பது அந்த ஆறு வாரத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். டீலரைப் பற்றி மற்றவர்கள் எழுதிய அனுபவங்களைப் படிக்கும்போதும் மாதத்தைப் பாருங்கள். புதுப் படகு வாங்கிய அன்று பூமாலையும் மிட்டாயுமாக எடுத்த போட்டோவுக்குக் கீழே விழுந்த ஐந்து ஸ்டார் எதையும் சொல்லாது. செப்டம்பரில் படகை விட்டவர் எழுதியதுதான் ஒர்க்‌ஷாப்பைப் பற்றிப் பேசும்.

சீசன் முடிந்த கையோடு, மே கடைசியிலேயே விட்டுவிடுங்கள். கியர் ஆயிலில் தண்ணீர் இருந்தால், அது நாலு மாதம் உள்ளேயே ஊறாமல் அப்போதே வெளியே வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பார்ட்ஸுக்கும் அவகாசம் கிடைக்கும்.

பெட்ரோல் சமாசாரமும் இதோடு சேர்ந்ததுதான். இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. பல அவுட்போர்டு கம்பெனிகளின் கையேட்டில் 10 விழுக்காடு வரைதான் அனுமதி. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒரு அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சின் உறிஞ்சும் குழாயும் அடியில்தான். மழைக்காலம் முழுக்க அரை டேங்க் பெட்ரோலோடு படகை நிறுத்திவிட்டு, செப்டம்பரில் இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டது என்று வாரண்டியில் கேட்டால் எந்த டீலரும் தரமாட்டார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. டேங்கைக் காலி செய்துவிட்டுக் கொடுங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இல்லையென்றால் சர்வீஸோடு அதையும் போட்டுவிடச் சொல்லுங்கள்.

யார்டில் படகை விடும்போது இன்னொரு வேடிக்கை நடந்தது. மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று தார்ப்பாயைப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் வடியும் ஓட்டையை அடைக்கும் டிரெயின் பிளக்கையும் இறுக்கமாகத் திருகிவிட்டு வந்தேன். பத்திரமாகச் செய்கிறோம் என்ற நினைப்பு. மும்பையில் ஒரு மழைக்காலத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். அதாவது ஓர் ஆளையே மூழ்கடிக்கும் உயரம். தார்ப்பாய் நடுவில் தொங்கி, கிழிந்து, தண்ணீர் பூராவும் படகுக்குள். பேட்டரி மூழ்கிவிட்டது. தரையில் நிற்கும் படகுக்கு டிரெயின் பிளக்கைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. தன்னிடம் ஒப்படைத்த பொருளைத் தன் சொந்தப் பொருளைப் போல நியாயமான கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் பிளக்கைப் பூட்டியது நான். பேட்டரிக் காசை நானே கொடுத்தேன். இப்போது பிளக்கைக் கழற்றிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டுதான் யார்டை விட்டு வருகிறேன். நங்கூரம், லைஃப் ஜாக்கெட், ஃபிஷ் ஃபைண்டர் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். கொண்டுவர முடியாததைப் போட்டோ எடுத்துவிடுவேன்.

ஃபைபர் வேலையை எஞ்சின் மிஸ்திரியிடம் கொடுப்பது

இதைப் பற்றி இரண்டு வார்த்தை போதும். ஃபைபர் உடம்பில் விரிசல் விழுந்தால் எஞ்சின் மிஸ்திரிகள் மேலே கண்ணாடி இழைப் பாயும் ரெசின் பசையும் வைத்துப் பூசி, பெயின்ட் அடித்துத் தந்துவிடுவார்கள். ஈரம் காயாமல் ஒட்டினால் அது நிற்காது. ஜூலையில் மும்பைக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். திறந்த யார்டில் அந்த மாதத்தில் ஃபைபர் வேலை செய்யச் சொல்லாதீர்கள். எஞ்சின் தொங்கும் பின்பலகையை மட்டும் நீங்களே ஒருமுறை சின்னச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். 160 கிலோ எஞ்சினைத் தாங்கும் அந்தப் பலகைக்குள் பெரும்பாலும் ப்ளைவுட் இருக்கும். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி ஊறிப் போயிருந்தால் ‘டங்’ என்று வராது, ஈரத் தலையணையைத் தட்டின மாதிரி ‘பொத்’ என்று வரும். அப்படி வந்தால் பூச்சு வேலைக்குச் சம்மதிக்காமல், பிரித்துச் செய்யும் ஆளைத் தேடுங்கள்.

கடலில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுப்பது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். ஒர்க்‌ஷாப்காரர்கள் கடலுக்கு வர விரும்பமாட்டார்கள். டிரெய்லரை இழுக்க வேண்டும், படகை இறக்கும் சரிவான ராம்ப்பில் தண்ணீர் ஏறும் நேரம் பார்க்க வேண்டும், ஒரு ஆளின் அரை நாள் போய்விடும். முதல் டீலரின் மிஸ்திரிக்குக் கடல் என்றாலே குமட்டல் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் எஞ்சினை இரண்டு வருடம் பார்த்தவர் ஒருநாளும் அதில் பயணம் செய்ததில்லை.

ஆகவே சோதனை ஓட்டத்தை முதலிலேயே ஜாப் கார்டில் எழுதி, அதற்கான கூலியையும் பேசிவிடுங்கள். இலவசமாகக் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். காசு கொடுத்தால் வருவார்கள். பாக்கிப் பணத்தில் ஒரு பகுதி சோதனைக்குப் பிறகு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது. மும்பையில் கடல் ஏறி இறங்குவது தமிழ்நாட்டுக் கரையைவிட அதிகம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டுவதுண்டு. தண்ணீர் வற்றிய நேரத்தில் ராம்ப்புக்குப் போனால் சேறுதான் இருக்கும். ஏற்றத்தைக் கோலிகள் ‘பர்த்தி’ என்பார்கள். பர்த்தி எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

படகில் வழக்கமாகப் போகிற அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். காலிப் படகில் ஓட்டுவது டிரம்மில் ஓட்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். பத்து நிமிடம் சூடேறட்டும். அப்புறம் முழுத் திராட்டில். எஞ்சின் கம்பெனி சொல்லும் சுற்று வருகிறதா பாருங்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் அது பெரும்பாலும் 5000-க்கும் 6000-க்கும் நடுவில் இருக்கும். சுற்று மட்டும் எகிறி, படகு வேகம் எடுக்கவில்லையென்றால் புரொப்பல்லருக்குள் இருக்கும் ரப்பர் வழுக்குகிறது. சுற்றே ஏறாமல் திணறினால் பெட்ரோலோ பளுவோ காரணம். இரண்டும் தரையில் ஜென்மத்துக்கும் தெரியாது. இருபது நிமிடம் வேகமாக ஓட்டிவிட்டு நிறுத்தி, மறுபடியும் ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுப்பது தனி வியாதி.

உப்பைச் சுரண்டிய அந்தத் தடவை அண்ணாச்சியே கூட வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் குந்தினார். காந்தேரி கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. மச்சான் மீட்டரையே முறைத்துக்கொண்டு 4500, 4800 என்று ஏலம் விடுகிற மாதிரி கத்தினான். நான் ‘பீப்’புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் பீய்ச்சிக்கொண்டிருந்த தண்ணீரில் உள்ளங்கையை நீட்டி, குழந்தையின் குளியல் தண்ணீரைப் பதம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார். ஐந்து நிமிடம் இருக்கும். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “வெதுவெதுன்னுதான் இருக்கு. இன்னும் கொஞ்சம் தள்ளுங்க தம்பி” என்றார்.